அஞ்சலையின் கைவேகமும் எடைமேடைப் பெட்டியும்

படிக்கப் போகிறவர்களிடம் முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இந்த விரல்கள் மூட்டையையும் ஸ்க்ரூ டிரைவரையும்தான் அதிகம் பிடித்திருக்கின்றன. பேனாவையும் திருகித் திருகித்தான் பிடிக்கிறேன். கோடு போட்ட தாளில் எழுதியும் வரி மேலே ஏறிக்கொண்டே போகிறது. எங்கே பெரிய 'ற', எங்கே சின்ன 'ர' என்பதும் எனக்கு இன்னும் நிச்சயமில்லை. டைப் அடிக்கிறவர் திருத்திக்கொள்வார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

எழுதச் சொன்னவர் நசீர். செங்கல்பட்டில் கோமதி மேடம் தொடங்கிய கம்ப்யூட்டர் சர்வீஸ் கடையை இப்போது நடத்துகிறவர் அவர்தான். நான் முதுகுவலியால் வேலையை விட்டுவிட்டேன். பழைய கண்ணாடி மானிட்டர்களைத் தூக்கி மாடி ஏறியவர்கள் எல்லோருக்கும் இந்த வலி இருக்கும். சாயங்காலம் டீ குடிக்க மட்டும் கடைக்குப் போவேன்.

போன மாதம் ஒரு நாள் கேளம்பாக்கத்திலிருந்து கடைக்காரர் ஒருவர் தன் புதுக் கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்துச் சத்தம் போட்டார். பத்து வருஷமாக அவர் பில் போட்டுவந்த புரோகிராம் அதில் ஓடவில்லையாம். இப்போது வருகிற மெஷின்களில் 64 பிட் என்று பிராசஸரும் அதற்கேற்ற விண்டோஸும் மாறிவிட்டன. பழைய புரோகிராம் பேசுவது அந்தப் புது விண்டோஸுக்குப் புரிவதில்லை.

"வேகமா ஓடும்னு சொல்லித்தானய்யா வித்தானுங்க? நவுரவே மாட்டுது. அப்புறம் இன்னா வேகம் வேண்டிக் கீது?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நசீர் அதைப் பார்த்துவிட்டார். கடைக்காரர் போன பிறகு, "இன்னாண்ணே, அந்தாளு கத்தினு கீறாரு, நீ சிரிச்சிகினு கீற?" என்று கேட்டார்.

நாலு பேர் இருக்கிற இடத்தில் கோர்வையாகப் பேச எனக்கு எப்போதும் வராது. வாய் ஒட்டிக்கொள்ளும். "ஒரு குவாரி நெனப்பு வந்திச்சு" என்று மட்டும் சொன்னேன்.

"அப்ப எழுதிக் குடு" என்றார். அதனால் எழுதுகிறேன்.

நான் இந்தத் தொழிலுக்கு வந்ததே பார்சல் மூலமாகத்தான். தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் லாரி ஆபீசில் சரக்கு இறக்கும் வேலை செய்துகொண்டிருந்தேன். கோமதி மேடம் கடைக்கு வந்த மானிட்டர் பெட்டிகளை நான்தான் இறக்கி அடுக்கினேன். அவர் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இங்கிலீஷ் வாசிக்கத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது மேடம். அம்புக்குறி தெரியும்" என்றேன். அட்டைப் பெட்டியில் எந்தப் பக்கம் மேலே இருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்களே, அதைச் சொன்னேன்.

"அதையே இங்க யாரும் பாக்க மாட்டேங்காங்க. நாளையில இருந்து நம்ம கடைக்கு வாரீங்களா?"

மேடம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருடைய கணவருக்குக் கடலோரத்து அணு ஆராய்ச்சி மையத்தில் வேலை. குடியிருப்பு அங்கே டவுன்ஷிப்பில். மேடம் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா படித்தவர். தினமும் பஸ் பிடித்துச் செங்கல்பட்டு வந்து கடையைத் திறப்பார். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர்தான். ஆனாலும் ஒரு நாளும் என்னை 'நீ' என்று கூப்பிட்டதில்லை.

முதலில் எனக்குக் கொடுத்தது பெயின்ட் பிரஷ். பெட்டியைத் திறந்து தூசி தட்ட வேண்டும். பிறகு ரப்பர் கொடுத்தார். மெமரி அட்டையின் தங்க நிற விளிம்பை, பென்சில் எழுத்தை அழிக்கிற அதே ரப்பரால் தேய்த்துப் பளபளப்பாக்கித் திரும்பச் செருக வேண்டும். செத்துப்போனது என்று கொண்டுவந்த பெட்டிகளில் பாதி அதிலேயே எழுந்து உட்காரும். பள்ளிக்கூடத்தில் எனக்கு அவ்வளவாகப் பயன்படாத ரப்பர், பிற்காலத்தில் சோறு போட்டது.

அப்புறம் சத்தங்கள். அந்தக் காலத்துப் பெட்டி எழுந்திருக்கும்போது 'பீப்' என்று குரல் கொடுக்கும். ஒரே சின்னக் குரல் என்றால் நலம். நீளமாகக் கத்தினால் மெமரி சரியில்லை. நீளமும் குட்டையுமாகக் கத்தினால் திரைக்கான அட்டை சரியில்லை. திரையில் வரும் இங்கிலீஷை நான் படத்தைப் பார்ப்பது போலத்தான் பார்ப்பேன். ஆனால் சத்தத்தை வாசிக்க எனக்குத் தெரிந்தது. அதனால் வெளியே போய்விட்டுத் திரும்பினால் மேடம் என்னிடம் "என்ன பாத்தீங்க?" என்று கேட்க மாட்டார். "என்ன கேட்டுது?" என்றுதான் கேட்பார்.

மாமல்லபுரத்திலிருந்து கடப்பாக்கம் வரை கடலோரத்துப் பெட்டிகள் எல்லாம் எங்கள் கடைக்குத்தான் வரும். உப்புக் காற்றில் ஸ்க்ரூ துருப்பிடித்து, போர்டில் பாசி போலப் பச்சை ஏறியிருக்கும். மாமல்லபுரத்து லாட்ஜ் ஒன்றில் முதலாளி கம்ப்யூட்டரை ஜன்னல் ஓரமாகவே வைத்திருந்தார். கடல் தெரிகிற மாதிரி வைத்தால்தான் ராசி என்பார். "கடல் கம்ப்யூட்டருக்குத் தெரியுதது சரிதான். கம்ப்யூட்டரும் கடலுக்குத் தெரியுதே, அதாம்லா கஷ்டம்" என்று மேடம் சிரிப்பார். ஆனால் ஒரு முறைகூட அதை இடம் மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தியதில்லை. ஜன்னலுக்கு ஒரு பிளாஸ்டிக் திரை தைத்துக் கொடுத்தார்.

மேடம் வேலை செய்வதைப் பற்றிக் கொஞ்சம் எழுத வேண்டும். போன இடத்தில் முதலில் பெட்டியைத் தொடவே மாட்டார். ஒரு ஸ்டூல் கேட்டு வாங்கி உட்கார்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொள்வார். "எனக்குக் கோளாறைக் காட்டுங்க" என்பார். கோளாறு தன் கண் முன்னால் வரும் வரைக்கும் மூடியைத் திறக்க விடமாட்டார். மற்ற மெக்கானிக்குகள் போன உடனே நாலைந்தைக் கழற்றிப் போட்டு, எதையோ மாற்றி, ஓடியதும் கிளம்பிவிடுவார்கள். மேடம் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றுவார். அதில் சரியாகவில்லை என்றால் அதைப் பழையபடி வைத்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போவார். போர்டில் குட்டிக் குட்டிக் கருப்பு மூடிகளைப் பிடுங்கி இடம் மாற்றிச் செருக வேண்டியிருக்கும். அதற்குத் தலையில் இருந்து ஹேர்பின்னை உருவுவார். வேலை முடிந்ததும் துடைத்துத் திரும்பக் கொண்டையில் செருகிக்கொள்வார்.

386, 486 என்று இருந்த பிராசஸர்கள் போய் பென்டியம் வந்த காலம் அது. எல்லோரும் பழசைக் கொடுத்துப் புதுசு வாங்கினார்கள். மேலே சொன்ன லாட்ஜ் முதலாளியும் வாங்கினார். மறுநாளே ஆள் அனுப்பினார். அவருடைய பிள்ளைகள் பழைய பெட்டியில் ஆடிய கார் விளையாட்டைப் புதுப் பெட்டியில் போட்டால், கிளம்பின உடனே கார் சுவரில் மோதி நொறுங்குகிறதாம். மேடம் உட்கார்ந்து பார்த்தார். நாங்கள் கண் சிமிட்டுவதற்குள் கார் நொறுங்கிவிட்டது.

"காரு இல்ல இது, வாணம்" என்று மேடம் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு எனக்குச் சொன்னார். பழைய புரோகிராம்களுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. கொஞ்சம் நிற்க வேண்டும் என்றால் மனசுக்குள் எண்ணிக்கொண்டு நிற்கும். பழைய பிராசஸர் எண்ணி முடிக்க நேரமாகும். புதுசு எண்ணத் தொடங்கியதுமே முடித்துவிடும். அதனால் நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது.

அதற்கு மேடம் ஒரு வைத்தியம் செய்தார். பெட்டி எழுந்திருக்கும்போது சாவிப்பலகையில் ஒரு சாவியை அழுத்தினால் நீலத் திரை வரும். அதில் கேஷ் என்று ஒன்று உண்டு. பிராசஸர் அடிக்கடி தேவைப்படுகிறதைக் கைப்பக்கம் வைத்துக்கொள்ளும் இடம். அதை மூடிவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தூரமாக நடந்து போய் எடுத்து வர வேண்டும். பென்டியம் மாட்டு வண்டி ஆகிவிடும். அப்படி மூடியதும் கார் ஒழுங்காகப் போனது. பிள்ளைகள் கை தட்டினார்கள். அவர்கள் அப்பாதான் ஆட்டம் முடிந்ததும் திரும்பத் திறந்துவிடச் சொன்னார்.

இனிதான் குவாரி.

திருக்கழுக்குன்றம் போகிற ரோட்டில் இருந்து உள்ளே போனால் ஒரு கல் குவாரி. ஜல்லி ஏற்றிய லாரி வெளியே போகும் முன் எடைமேடை மேல் ஏறி நிற்க வேண்டும். பக்கத்தில் ஜன்னல் வைத்த சின்ன அறை. மேடையின் எடை ஒரு கம்பி வழியாகக் கம்ப்யூட்டருக்கு வரும். உள்ளே இருப்பவர் வண்டி நம்பரை அடித்து ஒரு சாவியை அழுத்தினால், புரோகிராம் எடையை வாங்கிப் பிரின்டரில் சீட்டாக அடித்துத் தரும். காலையில் அஞ்சலை உட்காருவாள். பிற்பகலில் பாபு. இவன் குவாரி முதலாளி ஏழுமலைக்கு மச்சான், சம்சாரத்தின் தம்பி.

அங்கே இருந்த 386 கல் தூசியில் செத்துப் போனது. நாங்கள்தான் புதுப் பென்டியம் கொண்டுபோய் வைத்து, பழைய புரோகிராமை அதில் ஏற்றிக் கொடுத்தோம். முதலாளிக்கு ரொம்ப சந்தோஷம். "பழசு இன்னாமோ ரோசன பண்ணும். இது அமுக்கினா அமுக்கின கையோட சீட்டு வந்து வியுது" என்றார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு மத்தியானம் அஞ்சலை எங்கள் கடைக்கு வந்தாள். முகம் வாடி இருந்தது. ஆனால் குரல் வாடவில்லை.

"நீங்கதான அந்தப் பொட்டிய வெச்சது? அது பொய் சொல்லுது" என்றாள் மேடத்திடம்.

மேடம் ஸ்டூலை நகர்த்தி உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். அஞ்சலை சொன்னதன் சாரம் இதுதான். கேளம்பாக்கம் பக்கம் அடுக்குமாடி கட்டுகிறவர்கள் ஜல்லியை வேறு மேடையில் திரும்பவும் எடை போட்டுப் பார்த்திருக்கிறார்கள். இங்கே போட்ட சீட்டோடு ஒத்துப் போகவில்லை. ஒரு வண்டி கூடுகிறது, ஒரு வண்டி குறைகிறது. அதில் முக்கியம், எல்லாமே காலை நேரத்து வண்டிகள். பாபு போட்ட சீட்டுகள் அத்தனையும் சரி.

"அதான் நானு லாரிக்காரங்க கிட்டயும் துட்டு வாங்கறன், கட்றவங்க கிட்டயும் வாங்கறன்னு மொதலாளி சொல்றாரு. ரெண்டு பக்கமும் வாங்கறவ இன்னாத்துக்கும்மா பஸ்ல வந்துகினு இருப்பா? அத்தினி லாரிக்காரங்க முன்னாடி, மேடைமேல நின்னுகினு திருடின்னு சொல்ட்டாரு. சனிக்கெயமையோட கணக்கு முடிச்சி அனுப்பறாராம்."

"நீ என்ன சொன்ன?"

"பொட்டி மாறின அன்னிலேர்ந்துதான் இந்தப் பேஜாருன்னு சொன்னன். அதே பொட்டிதான பாபுவும் தட்றான், அவனுக்கு மட்டும் எப்பிடி ஒயுங்கா கீதுன்றாரு. எனுக்கு அதுக்குப் பதில் தெரில." அவள் டம்ளரைக் கீழே வைத்தாள். "வேல போனா போவுது. இந்தப் பேரோட வேற எந்தக் குவாரில ஏத்துவாங்க? இங்க இருக்கற எல்லா மேடைக்கும் இதே லாரிங்கதான் போவுது."

மேடம் என்னைப் பார்த்தார். நான் பையை எடுத்துக்கொண்டேன். மறுநாள் காலையில் என் டிவிஎஸ் 50-இல் நானும், பஸ்ஸில் மேடமும் போய்ச் சேர்ந்தோம்.

மேடம் வழக்கம் போல ஸ்டூலில் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டார். முதலாளியும் பாபுவும் வாசலில் நின்றார்கள். லாரி ஒன்று ஏறியது. அஞ்சலை நம்பரை அடித்தாள். விரல் நடுங்கியது. தப்பாக அடித்து, அழித்து, திரும்ப அடித்தாள். முதலாளியைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சாவியை அழுத்தினாள். சீட்டு வந்தது. அதே வண்டியை இறக்கி மறுபடி ஏற்றினோம். அதே எடை. அடுத்த வண்டியும் சரி. அதற்கடுத்ததும் சரி.

"பாத்தீங்களாம்மா? பக்கத்துல ஆளு இருந்தா எடை ஒயுங்கா கீது. ஆளு இல்லன்னாதான் கெட்டுப் போவுது. இது பொட்டி வியாதியா, கை வியாதியா?" என்றார் முதலாளி.

அஞ்சலை மேடத்தைப் பார்த்த பார்வையை என்னால் எழுத முடியாது. மேடம் கம்பியை மாற்றிப் பார்த்தார். மெமரியைச் சோதித்தார். எதிலும் குற்றமில்லை. எங்கள் தொழிலில் இதைவிடக் கொடுமை கிடையாது. கோளாறு இருக்கிறது என்று தெரியும், ஆனால் அது நம் முன்னால் வர மாட்டேன் என்கிறது.

இதற்குள் மேடைக்குப் பின்னால் லாரிகள் வரிசை கட்டிவிட்டன. ஹாரன் காதைக் கிழித்தது. மேடம் எழுந்தார்.

"நாம எல்லாரும் வெளிய போவோம். வண்டி நிக்குதுல்லா? அஞ்சலை, நீ பாட்டுக்கு உன் வேலையப் பாரு. ஏகாம்பரம், நீங்க அந்த யுபிஎஸ் தூசியத் தட்டிட்டு வாங்க."

அவர்கள் மூவரும் புளியமரத்தடிக்குப் போனார்கள். நான் மேசைக்கு அடியில் யுபிஎஸ் பக்கத்தில் படுத்து பிரஷ் போட ஆரம்பித்தேன். நான் ஒரு இடத்தில் இருந்தால் அங்கே ஆள் இருப்பது மற்றவர்களுக்குச் சீக்கிரம் மறந்து போகும். என் சுபாவம் அப்படி. அஞ்சலைக்கும் மறந்து போனது.

"இன்னா அஞ்சலை, தூங்கினு கீறியா? மத்தியானத்துக்குள்ள ரெண்டாவது நடை போவணும்" என்று வெளியே இருந்து ஒரு டிரைவர் கத்தினார்.

"நீ வண்டிய ஏத்து, வாய மூடு. நீ பேசற நேரத்துல நாலு சீட்டு போடுவன்" என்று இவளும் கத்தினாள்.

கை வேகம் பிடித்துவிட்டது. அஞ்சலை டைப்ரைட்டிங்கில் ஹையர் பாஸ் செய்தவள். சாவிகள் மழை போலக் கேட்டன. நான் கண்ணால் பார்த்தது வாசல் வழியாகத் தெரிந்த லாரி டயரும் அவள் பாதமும்தான். காதில் கேட்டது இதுதான்: டயர் மேடையில் ஏறும் சத்தம், பிரேக், பிரின்டர் 'கிர்ர்' என்று அடிக்கும் சத்தம், அதற்குப் பிறகும் லாரியின் பின்கதவுச் சங்கிலி 'சலக், சலக்' என்று ஆடும் சத்தம். அடுத்த வண்டிக்கும் அப்படித்தான். பிரின்டர் ஓய்ந்த பிறகும் சங்கிலி ஆடிக்கொண்டிருந்தது.

நான் அந்த அறைக்குப் பல வருஷம் தூசி தட்ட வந்திருக்கிறேன். பழைய பெட்டி இருந்தபோது சங்கிலி ஓயும், கொஞ்ச நேரம் எதுவும் கேட்காது, அப்புறம்தான் பிரின்டர் அடிக்கும். இப்போது தலைகீழாக இருக்கிறது. பிரின்டரில் ஏதோ கெட்டுவிட்டது, அதுதான் முன்கூட்டியே அடிக்கிறது என்று நினைத்தேன்.

புளியமரத்தடியில் முதலாளி மேடத்துக்கு மோர் கொடுத்துப் பேசிக்கொண்டிருந்தார். நடுவில் போய்ச் சொல்லக் கூச்சமாக இருந்தது. பக்கத்தில் போய் நின்றேன்.

"என்ன கேட்டுது?" என்றார் மேடம்.

"பிரின்டர மாத்தணும் போல மேடம். சங்கிலி நிக்கறதுக்கு முன்னாடியே அடிக்குது."

"எந்தச் சங்கிலி?"

சொன்னேன். மேடம் எழுந்த வேகத்தில் மோர் சேலையில் கொட்டியது. "பிரின்டர் இல்ல ஏகாம்பரம். இது நம்ம லாட்ஜ் காரு!" என்றார்.

அறைக்குள் போய் அஞ்சலையிடம், எப்போது சாவியை அழுத்துவாய் என்று கேட்டார். "வண்டி மேல ஏறி பிரேக்கு போட்டதும் அமுக்கிடுவன். அது ரோசன பண்ணி எடுக்கறதுக்குள்ள முந்தின சீட்டக் கியிச்சி வெச்சிடுவன். எப்பவும் அப்பிடித்தாம்மா" என்றாள் அவள்.

பழைய பெட்டியின் 'ரோசனை' எல்லோருக்கும் கிழட்டுத்தனமாகத் தெரிந்தது. உண்மையில் லாரி ஏறிய அதிர்ச்சியில் மேடை ஆடி அடங்கட்டும் என்று புரோகிராம் எண்ணிக்கொண்டிருந்த நேரம் அது. புதுசு எண்ணுவதை உடனே முடித்து, ஆடுகிற மேடையில் அந்த நொடிக்கு என்ன இருந்ததோ அந்த எடையை எடுத்துவிட்டது. அதனால்தான் கூடியும் குறைந்தும் வந்தது. பாபு பாக்கைக் குதப்பிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி நம்பர் அடிப்பதற்குள் மேடை தானாகவே அடங்கிவிடும். அதனால் அவன் சீட்டு தப்பியதே இல்லை. அஞ்சலைக்கும் எங்கள் முன்னால் கை நடுங்கி வேகம் குறைந்ததால்தான் சரியாக வந்தது.

மேடம் இதை முதலாளியிடம் சொன்னார். அவர் நம்பவில்லை. அதனால் லோடு ஏற்றிய ஒரு லாரியை அங்கேயே வைத்துக்கொண்டோம். அது ஏறி நின்றதும் அஞ்சலை தன் வழக்கமான வேகத்தில் அழுத்தினாள். இறங்கி மறுபடி ஏறியது, மறுபடி அழுத்தினாள். இரண்டு சீட்டிலும் வேறு வேறு எடை. பாபு நிதானமாக அழுத்தினான். சரியான எடை. பிறகு மேடம் பாபுவின் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, நம்பரைத் தானே முன்கூட்டி அடித்து வைத்துவிட்டு, பிரேக் சத்தம் கேட்டதும் "இப்பம் அமுக்குங்க" என்றார். பாபு அழுத்தினான். சீட்டு டன் கணக்கில் குறைத்துக் காட்டியது.

ஜன்னலில் தலையை நீட்டியிருந்த டிரைவர், "இன்னா பாபு, நீயும் துட்டு வாங்கிட்டியா?" என்றார்.

"யோவ், மாமா முன்னாடி இன்னா பேச்சு பேசற?" என்று பாபு பதறினான்.

மேடம் பெட்டியை நிறுத்தி எழுப்பி, நீலத் திரைக்குப் போய் கேஷை மூடினார். திரும்ப அதே லாரி. அஞ்சலை பிரேக் சத்தத்தோடு அழுத்தினாள். பெட்டி யோசித்தது. சங்கிலி ஓய்ந்தது. பிறகு பிரின்டர் அடித்தது. எடை சரி. இன்னும் சில முறை ஏற்றி இறக்கினோம். சரியாகவே வந்தது.

"அவ்ளோ டப்பு போட்டு ரேஸ் குதிரை வாங்கனன். காலக் கட்டி உட்டுட்டீங்களே" என்றார் முதலாளி.

"புரோகிராமை எழுதுன பையன் எங்க இருக்கான்னு தேடிச் சரி பண்ணச் சொல்லுதேன். அது வரைக்கும் இப்படியே ஓடட்டும்" என்றார் மேடம்.

முதலாளி தலையைச் சொறிந்தார். அஞ்சலை பக்கம் பார்க்காமலே, "சரி, நாளிக்கு எப்பவும் போல வந்துடு" என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

அஞ்சலை நாற்காலியை விட்டு எழவில்லை. கையையும் சாவிப்பலகையிலிருந்து எடுத்துவிட்டாள்.

"மொதலாளி. மேடைமேல நின்னுகினு சொன்னத மேடைமேல நின்னுகினே வாபஸ் வாங்கிகோங்க. அப்பதான் நாளிக்கு வருவன்."

வெளியே அடுத்த லாரி ஹாரன் அடித்தது. அவள் அசையவில்லை.

"நான் இன்னாத்த சொல்றது? எண்ணுதுன்றாங்க, மூடுதுன்றாங்க, எனுக்கு ஒண்ணும் வெளங்கல. அவனுங்களுக்கு எப்பிடிச் சொல்ல?"

"ஏகாம்பரம் சொல்லுவாரு" என்றார் மேடம்.

வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். மேடம் மெதுவாக, "நான் சொன்னா இங்கிலீஷ் கலந்திரும். நீங்க சொன்னாத்தான் அவங்களுக்குப் புரியும். கேட்டது நீங்கதான" என்றார். அஞ்சலை என்னைப் பார்த்தாள். நான் வெளியே போனேன்.

எடைமேடை அப்போது காலியாக இருந்தது. டிரைவர்களும் கிளீனர்களும் சுற்றி நின்றார்கள். மேடையில் ஏறி நின்றேன். நான் சொன்னது எனக்கு முழுவதும் நினைவில்லை. இப்படித்தான் சொல்லியிருப்பேன்:

"கண்ணாமூச்சி ஆடறப்போ கண்ண மூடிகினு எண்ணுவோம் இல்ல? பழைய பொட்டி ஒயுங்கா எண்ணிச்சி. எல்லாரும் அசையாம ஒளிஞ்ச பெறகுதான் கண்ணத் தொறந்திச்சி. புதுசு ஒண்ணு ரெண்டு மூணு நூறுன்னு முடிச்சிடுது. நீங்க ஓடினு இருக்கறப்பவே கண்ணத் தொறந்து பாக்குது. வண்டி ஆடறப்ப எடுத்த எடை அது. அந்தப் பொண்ணு கை வேகம், அதான் அவங்க நேரத்துல மாட்டிச்சி. பாபு வேகமா அமுக்கினாலும் அப்பிடித்தான் வருது. இப்ப ஒயுங்கா எண்ண வெச்சிட்டோம்."

ஒரு பெரிய மீசைக்காரர், "புதுசு அழுவுணி ஆட்டம் ஆடிகீது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்து அத்தனை பேரும் முதலாளியைப் பார்த்தார்கள்.

"நான் எப்பய்யா அந்தப் பொண்ண திருடின்னு சொன்னன்?" என்றார் அவர்.

"திங்கக்கெயம. தோ, அண்ணன் நிக்கற அதே எடத்துல" என்று ஜன்னலிலிருந்து அஞ்சலையின் குரல் வந்தது.

முதலாளி செருப்பைத் தட்டிக்கொண்டு மேடையில் ஏறினார். என் பக்கத்தில் நின்றார். தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"சொன்னன். தப்பு. பொண்ணு மேல ஒண்ணும் இல்ல. போதுமா? சீட்டப் போடு, வண்டி நிக்குது" என்று சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போனார்.

லாரி உறுமிக்கொண்டு மேடைமேல் ஏறி வந்தது. நான் மட்டும் ஓரத்தில் அப்படியே நின்றுகொண்டிருந்தேன். முதல் முறையாக அத்தனை பேர் முன்னால் பேசியதில் கால் நகர மறந்துவிட்டது போலிருக்கிறது.

ஜன்னலுக்குள் சாவிகள் மழையாகக் கேட்டு, சட்டென்று நின்றன. அஞ்சலை தலையை வெளியே நீட்டினாள். கண் ஈரமாக இருந்தது. முகம் சிரித்தது.

"அண்ணே, எறங்குங்க. உங்க எடையும் சேந்து ஏறிடப் போவுது. அப்பறம் அதுக்கும் என்னத்தான் கேப்பாங்க."

இறங்கினேன். அவள் சாவியை அழுத்தினாள். பெட்டி எண்ணத் தொடங்கியது.

எழுதி முடித்தது, செங்கல்பட்டு, 14 நவம்பர் 2009, சனிக்கிழமை.